கையொப்பமிட வேண்டிய இடம்

செப்டம்பர் 6

என் செல்ல ஆபீசருக்கு,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அதான் போனிலேயே சொன்னாயே என்பாய். போனில் சொன்னது உன் அப்பாவுக்கு. அவர் ஸ்பீக்கரில் போட்டு, கடைக்கு மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சத்தமா பேசு, சத்தமா பேசு" என்று போடுகிற கூச்சலில் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது. நாம் பேசிவைத்தபடியே இருக்கட்டும். போன் ஊருக்கு, கடிதம் நமக்கு. வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். ஆகட்டுமே.

எனக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணு! குடிநீர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் பாட்டில் பிடித்தவளுக்கு வெளிநாட்டில் ஒரு வருடப் படிப்பு, அதுவும் உதவித்தொகையோடு. இன்னும் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, கோட்டு மாட்ட ஐந்து கொக்கி. என்னிடம் இருப்பது ஒரு கோட்டு. நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு மேசை! அதில் யாரும் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள், யாரும் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். முதல் நாள் அந்த வெறும் மேசையைப் பார்த்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருக்கிறது, இந்த ஊர் மொழிதான் பாதி இருக்கிறது. பஸ்ஸில் இறங்குவதற்கு ஒரு பொத்தானை அமுக்க வேண்டுமாம். தெரியாமல் கதவருகே போய் நின்று "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். நடந்ததும் நல்லதுதான், வழியில் பூங்காவும் தபால் நிலையமும் மலிவான காய்கறிக் கடையும் கண்டுபிடித்தேன்.

வகுப்பில் நடந்ததைக் கேள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் எழுந்து வந்து தன் விண்ணப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் வரிசை! ஏழு விண்ணப்பம் வாங்கியபிறகுதான் எனக்கே புரிந்தது, என்னைப் பேராசிரியை என்று நினைத்திருக்கிறார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் வகுப்பே சிரித்தது. விண்ணப்பம் கொடுத்த முதல் பெண்தான் எனக்கு எதிர் அறை. ஆறடி இருப்பாள். நெட்டை என்று பெயர் வைத்துவிட்டேன், உனக்கும் எனக்கும் மட்டும்.

இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமாம். யாரிடம் கதை விடுகிறார்கள்? நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன். துணிகளுக்கு நடுவே என் சோதனைப் பெட்டி உடையாமல் வந்திருக்கிறது.

கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. மார்ச் மூன்று, உன் பள்ளி இறுதித் தேர்வின் முதல் நாள், மற்ற அம்மாக்களோடு நானும் வாசலில் நிற்பேன். உன் தண்ணீர் பாட்டிலை என் கையால் நிரப்பித் தருவேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு தேர்வுக்கும் நான் தவறியதில்லை. மூன்று வாரம் விடுப்பு உண்டா என்று வந்த அன்றே கேட்டுவிட்டேன். உண்டு.

நம் வழக்கப்படி கீழே ஆய்வகத் தண்ணீர் ரிப்போர்ட் மாதிரியே ஒன்று வைத்திருக்கிறேன். நீ சிறுபிள்ளையாகக் காய்ச்சலில் படுத்தபோது விளையாட்டாகத் தொடங்கியது, விட முடிகிறதா? நான் எழுத, நீ படுக்கையிலிருந்தே ஆபீசராகி ஒரு கோழிக் கிறுக்கல் போடுவாயே.

மாதிரி: அம்மா.
நிறம்: குளிரில் சற்று வெளுப்பு.
கலங்கல்: விமான நிலையத்தில் மட்டும்.
முடிவு: பயன்படுத்தத் தகுந்தது.
கையொப்பம்: ஆபீசருக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
உன் உதவியாளர், அம்மா


செப்டம்பர் 20

அன்புள்ள உதவியாளருக்கு,

ரிப்போர்ட் பரிசீலிக்கப்பட்டுக் கையொப்பமிடப்பட்டது. கோழிக் கிறுக்கல் என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ தனியாக வரும்.

முதலில் சில உத்தரவுகள். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகக் கூடாது. "பசிக்கலடி" என்ற பதில் ஏற்றுக்கொள்ளப்படாது. காதை மூடிக்கொண்டு வெளியே போ. நெட்டையோடு போ, தனியாகப் போய்த் தொலைந்துவிடாதே. பஸ்ஸில் பொத்தானை அமுக்கு.

இங்கே அப்பாவின் ஆட்சி. சமைக்கிறார் அம்மா! மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மாதிரியே சமைக்கிறார். எதையும் அளக்காமல் செய்ய மாட்டார். உப்புக்கு ஒரு ஸ்பூனை மார்க்கர் பேனாவால் குறித்து வைத்திருக்கிறார். நேற்று சோறு குழைந்துவிட்டது. "வோல்டேஜ் ஜாஸ்தியாயிடுச்சு" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் என் தண்ணீர் பாட்டில் மட்டும் அவருக்கு வரவில்லை. முக்கால்தான் நிரப்புகிறார். மூடியைப் பைப் ரெஞ்சால் முறுக்கியதுபோல் இறுக்கிவிடுகிறார், வகுப்பில் யாராலும் திறக்க முடியவில்லை. பி.டி. சார்தான் திறந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், முகம் வாடிவிடும்.

வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

காலண்டரில் மார்ச் மூன்றைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். வட்டம் தேர்வுக்காக என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஆபீசர்


அக்டோபர் 9

என் செல்ல ஆபீசருக்கு,

அம்மா ஊரையே கலக்கிவிட்டேன். நல்லவிதமாக இல்லை. இதை உன் அப்பாவிடம் சொல்லாதே, கடை முழுக்கச் சிரிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அறையைச் சுத்தம் செய்தபோது சோதனைப் பெட்டி கையில் பட்டது. கை சும்மா இருக்குமா? குழாய்த் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு மருந்து விட்டேன், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள் வரவில்லை. மறுபடி விட்டேன். வரவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு தெரியுமா? தண்ணீரில் மஞ்சள் வராவிட்டால் குடித்தவன் கண்ணில் வரும். நூற்றிருபது பிள்ளைகள் இருக்கிற விடுதி, கண்ணு. எல்லாரும் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பிள்ளைகள், குழாயில் வாயை வைத்துக் குடிக்கிற பிள்ளைகள்!

நாலு மாடியும் ஏறி இறங்கினேன். பதினொரு குழாய். ஒவ்வொன்றையும் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, மாடி, குழாய், நேரம் எல்லாம் ஒட்டி வைத்தேன். பதினொன்றிலும் மஞ்சள் இல்லை. நெட்டையை எழுப்பி, இந்த ஊர் மொழியில் "குடிக்காதீர்கள்! ஆபத்து!" என்று எழுத வைத்து எல்லாக் குழாயிலும் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் விடுதியே அமளிதுமளி. பிள்ளைகள் கடைக்கு ஓடித் தண்ணீர் பாட்டில்களைத் தீர்த்துவிட்டார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தி வாயில் நுரையோடு வந்து "துப்பலாமா?" என்று கேட்டாள்.

விடுதிக் காப்பாளர் அம்மா தண்ணீர் அலுவலகத்துக்குப் போன் போட, வண்டியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நான் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு ராணி மாதிரி நிற்கிறேன். பெரியவர் பார்த்தார். நிதானமாகச் சொன்னார், "இந்த ஊரில் தண்ணீரில் குளோரின் கலப்பதே இல்லை, அம்மா. இருபது வருடமாகிறது. சுத்தம் செய்வது வேறு முறை. குழாயில் ஓட்டை இல்லை, வரும் வழியில் அழுக்குச் சேராது, அதனால் மருந்து தேவையில்லை."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அந்தப் பதினொரு நோட்டீஸையும் நானே போய்க் கிழித்தேன். பிள்ளைகள் வழியெல்லாம் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் முதல் கோணல் முற்றும் கோணல் என்று இருந்திருப்பேன். மறுநாள் பேராசிரியை கூப்பிட்டு அனுப்பினார். போச்சு, பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டே போனேன். குட்டையான அம்மாள், சைக்கிளில் வருவார், கோட்டு முழுவதும் சாக்பீஸ் பொடி. அவர் மேசையில் என் பதினொரு பாட்டிலும்! தண்ணீர் அலுவலகப் பெரியவர் கொடுத்துவிட்டாராம். "இப்படி மாதிரி எடுக்க என் மாணவர்களுக்கு மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தும் வரவில்லை, நீங்கள் எங்கே கற்றீர்கள்?" என்றார். பத்தொன்பது வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் அவருடைய ஆய்வகத்தில் வேலை! முதன்முதலாகக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் ஒரு டம்ளர் குடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மாதிரி: அம்மா.
நிறம்: வெட்கத்தில் சிவப்பு.
கலங்கல்: ஒரு நாள்.
முடிவு: ஆச்சரியப்படும்படி நல்ல நிலை.

உன் உதவியாளர், அம்மா


அக்டோபர் 23

அன்புள்ள உதவியாளருக்கு,

உனக்கே தண்ணி காட்டிவிட்டார்களே!

பள்ளிக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் தோழி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். வாயில் நுரையோடு வந்தவளைத்தான் மறக்கவே முடியவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. (சொல்லிவிட்டேன். கடை சிரித்தது. மன்னித்துவிடு.)

சிரித்து முடித்ததும் எனக்கும் ஓர் ஆசை வந்தது. பரணில் உன் பழைய சோதனைப் பெட்டி இருக்கிறதே, அதை எடுத்து நம் வீட்டுக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள் வந்தது! இனி என் பாட்டிலை நானே சோதித்து எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். மூடியை மட்டும் அப்பா இறுக்கட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டும்.

வட்டத்துக்கு இன்னும் நூற்று முப்பத்தோரு நாள்.

ஆபீசர்


நவம்பர் 27

என் செல்ல ஆபீசருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்ல சேதிதான். நல்ல சேதியை எழுத எனக்கு இவ்வளவு நேரமாவது இதுதான் முதல் தடவை.

ஆற்றின் மேல்புறத்தில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. குழாய் போகாத ஊர்கள், கிணற்றுத் தண்ணீர்தான். வருடத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு போய் எல்லாக் கிணற்றையும் சோதித்துவிட்டு வரும். இந்த முறை குழுவுக்கு என்னைத் தலைமை தாங்கச் சொல்கிறார் பேராசிரியை! என்னை, கண்ணு! நாலு பிள்ளைகள், ஒரு வண்டி, நாற்பத்தொரு கிணறு. நெட்டையும் வருகிறாள். கேட்டதும் நடைபாதையில் என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். எனக்குக் கால் தரையில் படவில்லை, நிஜமாகவே.

வேலை ஆறு வாரம். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசியில் முடியும்.

தேதியைப் பார்த்தாயா?

மாற்ற முடியுமா என்று கேட்டேன். அதற்கு முன்னால் பாதை பனியில் மூடியிருக்கும், பின்னால் வெள்ளம் வந்துவிடும் என்கிறார்கள். அந்த ஊர்களில் போன் சிக்னலும் கிடையாதாம். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போகாவிட்டாலும் பட்டம் கிடைத்துவிடும், அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. உன்னைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ மனதில் பட்டதை எழுது. போனில் வேண்டாம். போனில் நீ "சரி" என்று சொன்னால் அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியாது.

இந்த முறை ரிப்போர்ட் இல்லை. சோதித்து முடியவில்லை.

அம்மா


டிசம்பர் 10

அம்மா,

நீ வாக்குக் கொடுத்தாய்.

பேருந்து பொத்தானை அமுக்கத் தெரியாத நாளிலேயே விடுப்பைப் பற்றி விசாரித்து வைத்தவள் நீ. நான் கேட்கவே இல்லை, நீயாகத்தான் எழுதினாய். இப்போது என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? போ என்றால் பொய். வா என்றால் சுயநலம். எனக்கு வா என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

வீடு பெரிதாகிவிட்டது என்று செப்டம்பரிலேயே எழுதினேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.


ஜனவரி 4

என் செல்ல ஆபீசருக்கு,

டிக்கெட் போட்டாகிவிட்டது! பிப்ரவரி இருபத்தாறாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். இருபது நாள் முழுசாக உன்னோடு.

நீ சொன்னது சரி. அந்த வரியை நான் படித்தேன், படித்துவிட்டுப் பதில் எழுதத் தைரியமில்லாமல் தாண்டிப்போனேன். என் தவறு. இங்கே ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கிறது, கண்ணு, அந்தச் சந்தோஷத்தில் உன் வீடு எவ்வளவு பெரிது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பேராசிரியையிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். "இந்த மாதக் கடைசி வரைக்கும் உங்கள் இடத்தில் வேறு யாரையும் போட மாட்டேன்" என்றார். பிடிவாதக்காரி. நெட்டை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் உனக்காக ஒரு பேனா வாங்கிக் கொடுத்தாள். தேர்வுக்குக் கொண்டுவருகிறேன்.

அப்பாவிடம் சொல், வாசலில் என் இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாது. கேட்டுக்கு இடதுபக்கம், நிழல் இருக்கிற இடம்.

மாதிரி: அம்மா.
கலங்கல்: இல்லை.
முடிவு: நலம்.

உன் உதவியாளர், அம்மா


ஜனவரி 16

அன்புள்ள உதவியாளருக்கு,

நீ ரிப்போர்ட்டில் பொய் எழுதியிருக்கிறாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை வேக அஞ்சலில் அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

நீ வருகிறாய் என்று கடிதம் வந்த அன்று வீட்டுக்குள் குதித்தேன். அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார், ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து. மறுநாள் பாட்டில் தண்ணீரைச் சோதிக்கப் போனால் சொட்டு மருந்து தீர்ந்திருந்தது. வாங்கிவரலாம் என்று உன் ஆய்வகத்துக்குப் போனேன். பாட்டில் கழுவும் அத்தைதான் இருந்தார்.

"வாடியம்மா. உங்கம்மா வர்றாளாமே?"

"ஆமா அத்தை! டிக்கெட் போட்டாச்சு!"

"வரட்டும் வரட்டும். வந்து மறுபடி இதே ஸ்டூல்ல உக்காரட்டும்."

எனக்குப் புரியவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அந்தக் கிணத்து வேலைய முடிச்சு, ரிப்போர்ட்ல தலைவரா கையெழுத்து போட்டாத்தான் அவளுக்கு ஆய்வாளர் சான்று. அது இல்லாம வந்தா என்ன படிச்சாலும் இங்க உதவியாளர்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. நீயாத் தெரிஞ்சுகிட்ட."

அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினார். பத்தொன்பது வருட ரிப்போர்ட். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்தேன் அம்மா. எல்லாம் உன் எழுத்து. உன்னுடைய வளைந்த 'ழ', ஏழுக்கு நடுவில் நீ போடுகிற கோடு. நான் பிறந்த வாரத்தில் மட்டும் வேறு எழுத்து. ஆனால் கீழே, சோதித்தவர் கையொப்பம் என்று இருக்கிற இடத்தில், ஒன்றில்கூட நீ இல்லை. ஏழு ஆபீசர்களின் கையெழுத்து இருக்கிறது. அதில் நாலு பேருக்கு நீதான் வேலை சொல்லிக்கொடுத்தாய் என்றார் அத்தை. அவர்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, உன்மேல்தான். சின்ன வயதில் அந்த விளையாட்டில் நீ எழுதுவாய், நான் கையெழுத்துப் போடுவேன். எட்டாவது ஆபீசர் நான். அப்போதாவது ஒரு தடவை "இன்னிக்கு நான் போடறேன்" என்று நீ சொல்லியிருக்கக் கூடாதா?

அதனால் கவனமாகக் கேள். நான் ஆபீசர் பதவியை ராஜினாமா செய்கிறேன். இன்று முதல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட மாட்டேன். டிக்கெட்டை ஆகஸ்டுக்கு மாற்று. பேராசிரியை மாதக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பார், இதைப் படித்த கையோடு போய்ச் சொல். இது எந்தச் சரி என்று கேட்பாய். நிஜமான சரி. நீ வரவில்லை என்று எனக்கு வருத்தம் இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும். வந்துவிட்டாயே என்று வாழ்நாள் முழுவதும் வருத்தப்பட என்னால் முடியாது.

பேனாவை நெட்டையிடம் சொல்லித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
முன்னாள் ஆபீசர்


பிப்ரவரி 12

கண்ணு,

நாளை காலை கிளம்புகிறோம். உன் கடிதம் வந்த அன்று சாக்பீஸ் பொடிக் கோட்டுப் பேராசிரியையிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடியேதான், பனியில் ஒரு தடவை விழுந்து எழுந்து. "மகள் அனுமதி கொடுத்துவிட்டாள்" என்றேன். அவர் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார்.

அன்று இரண்டு தடவை அழுதேன். ஒன்று போகப்போகிற சந்தோஷத்தில். இன்னொன்று, நீ அந்தத் தரையில் உட்கார்ந்து பார்த்ததை நினைத்து. எனக்கே தெரியாது கண்ணு, ஏழு பேர் என்று. நான் எண்ணிப் பார்த்ததில்லை.

வண்டியில் பாட்டில்கள் ஏற்றியாகிவிட்டது. நெட்டைக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பேனா இத்துடன். மார்ச் மூன்று காலையில் நான் எந்தக் கிணற்றடியில் இருந்தாலும், உன் மணிக்கு என் மணியைக் கணக்குப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். நீயும் உன் பாட்டிலில் ஒரு வாய் குடி.

அம்மா


மார்ச் 3

மதிப்புக்குரிய ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

நன்றாக எழுதினேன். ஒரு கேள்வி மட்டும் இழுத்தடித்தது. பேனா நன்றாக ஓடுகிறது என்று நெட்டை அக்காவிடம் சொல்.

வாசலில் உன் இடத்தில், கேட்டுக்கு இடதுபக்கம் நிழலில், அப்பா நின்றார். அத்தனை அம்மாக்களுக்கு நடுவே ஒரே மீசை. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், கையில் கிரீஸ் போகவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து பாட்டிலை நிரப்பி, நான் செய்வதைப் பார்த்து வைத்திருந்தாராம், சொட்டு விட்டுச் சோதித்து, "மஞ்சள் வந்துச்சு பாரு, மஞ்சள் வந்துச்சு பாரு" என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். விளிம்பு வரை நிரப்பியிருந்தார். மூடியை அளவாக மூடியிருந்தார். அதைத் திறந்து ஒரு வாய் குடித்தபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு மணி அடித்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

கீழே உள்ளதை நானே எழுதினேன். கையொப்ப இடம் காலியாக இருக்கிறது. நான் ராஜினாமா செய்துவிட்டவள். நீதான் போட வேண்டும்.

மாதிரி: மகள், வயது பதினேழு.
எடுத்த இடம்: தேர்வுக்கூட வாசல்.
நிறம்: காலையில் வெளுப்பு, மதியம் சரியானது.
கலங்கல்: ஒரு தடவை. அப்பா பார்க்கவில்லை.
முடிவு: தனியாக விடத் தகுந்தது.
சோதித்தவர் கையொப்பம்:


மார்ச் 30

என் செல்ல மகளுக்கு,

நேற்றுதான் திரும்பினோம். நாற்பத்தொரு கிணறும் முடிந்தது! முகம் கறுத்து, உதடு வெடித்து, பூட்ஸ் பிய்ந்து வந்திருக்கிறேன். அதில் ஆறு கிணற்றில் தண்ணீர் சரியில்லை என்று கண்டுபிடித்து மூடச் சொன்னோம். ஓர் ஊரில் பிள்ளைகள் எங்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்து மாதிரி பாட்டிலைத் தூக்கித் தந்தார்கள். எல்லாவற்றையும் பத்துப் பக்கம் எழுதப் போகிறேன், இப்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் ரிப்போர்ட்டுகளை அடுக்கி நெட்டையிடம் கொடுத்தேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு விழித்தாள். "கையெழுத்து எங்கே?" என்றாள். பார்த்தால், நாற்பத்தொன்றிலும் அந்த இடம் காலி! ஆறு வாரமும் எழுதி எழுதி, கீழே விட்டுவிட்டே வந்திருக்கிறேன், ஒன்றில்கூட எனக்கு உறைக்கவில்லை. "அதை ஆபீசர் போடுவார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நெட்டைதான் மெதுவாகச் சொன்னாள், "ஆபீசர் நீங்கள்தானே?"

அப்புறம் உட்கார்ந்து போட்டேன். முதலாவதில் மை இழுத்துவிட்டது. பத்தாவதில் சரியாக வந்தது. இருபதுக்குமேல் எனக்கே பிடிக்க ஆரம்பித்துவிட்டது, கொஞ்சம் அலங்காரமாகக்கூடப் போட்டேன்.

அறைக்கு வந்தால் உன் கடிதம். நாற்பத்திரண்டாவது உன்னுடையது. முடிவை ஒத்துக்கொள்ள என் மனதுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் சோதித்தவரின் மனது ரிப்போர்ட்டில் வரக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆகையால் ஓர் எழுத்தும் திருத்தாமல் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
சோதித்தவர்,
அம்மா